ஊத்தக் காலத்து அறிக்கை

ஏப்ரல் 28, திங்கள்

இறுதி அறிக்கைக்கான கோப்பை இன்றுதான் திறந்தேன். ஜூன் கடைசிக்குள் அனுப்பியாக வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இந்தத் தொண்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். காடு, ஆறு, குப்பை, கண்டல் என்று எழுதாத விஷயம் பாக்கியில்லை. நேரில் போய்ப் பார்த்தது மட்டும் குறைவு. சாலைக் கடைத்தெருவில், ஒரு கயிற்றுக் கடையின் மாடியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியேதான் நான் கேரளத்தின் இயற்கையைக் காப்பாற்றி வருகிறேன்.

இந்த முறை கல்லாறு. பொன்முடி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு மாலைநேர மையம் நடத்துகிறோம். ஆற்றைப் பற்றியும் மீனைப் பற்றியும் அங்கே பாடம். பெங்களூரில் உள்ள ஓர் அறக்கட்டளை ஒரு வருஷத்துக்கு நிதி கொடுத்தது. பிள்ளைகளிடம் மாற்றம் தெரிந்தால் அடுத்த வருஷமும் உண்டு. தெரியாவிட்டால் மையத்துக்குப் பூட்டு.

மாற்றத்தை அளக்க வழி நான் செய்து கொடுத்ததுதான். பாடம் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வித்தாள், வருஷம் முடிந்ததும் அதே கேள்வித்தாள். முக்கியமான கேள்வி ஒன்று: ‘புதுமழையில் மேலேறி வரும் மீனைப் பிடிப்பது சரியா, தவறா?’ முதல் மழைக்கு மீன்கள் முட்டையிட ஆற்றிலிருந்து ஓடைக்கும் வயலுக்கும் ஏறி வருவதை இங்கே ஊத்த என்பார்கள். அப்போது பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஊரே கூடி நின்று பிடிப்பது வழக்கமாகவும் இருக்கிறது.

போன வருஷத்து முதல் தாள்களை இன்று எண்ணிப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் ‘தவறு’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றுகூட மிச்சமில்லை. நூற்றுக்கு நூறு.

பாடம் நடத்துவதற்கு முன்பே நூறு. இனி மாற்றம் எங்கே போய்த் தெரியும்? ஆகாயத்திலா?

ஏப்ரல் 29

இதைப் பார்த்து என்னைத் தவிர யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மே 2, வெள்ளி

சத்தியதாஸ் சார் கூப்பிட்டு உட்கார வைத்தார். நிறுவனம் அவருடையது. பொல்லாதவர் இல்லை. எத்தனையோ மாதம் தன் சம்பளத்தை எடுக்காமல் எங்களுக்குக் கொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சுஜா, பேஸ்லைன்ல, அந்த முதல் தாள்ல, கொஞ்சம் வேலை பார்த்தா மதி, போதும். பத்துப் பதினஞ்சு பிள்ளைங்க சரின்னு எழுதினதா வெச்சுக்கலாம். யாரும் வந்து பார்க்கப் போறதில்லை.”

அந்தத் தாள்களைத் திரும்ப எடுத்து உறையில் போட்டேன்.

கணவர் செல்வினிடம் சொன்னேன். அவருக்கு வேலை கீழேயுள்ள அந்தக் கயிற்றுக் கடையில்தான். என் அலுவலகத்துக் கவலைகள் எல்லாம் படியிறங்கி அவரிடம்தான் போகும். “அந்தக் கேள்வித்தாளை மீனுக்குக் குடுத்துப் பாரு, அது சரியா எழுதும்” என்றார்.

மே 7, புதன்

சுமியிடம் பேசினேன். கல்லாறு மையத்தை நடத்துகிறவள் அவள்தான். அந்த லயத்திலேயே பிறந்து, விதுராவில் படித்து, டிகிரி முடித்து, மறுபடி அங்கேயே வந்து உட்கார்ந்தவள். அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவுகளிலிருந்துதான் நான் அறிக்கை எழுதுகிறேன். மூன்று நிமிஷப் பதிவில் இரண்டரை நிமிஷம் மழை, அட்டை, பிள்ளைகளின் சண்டை எல்லாம் இருக்கும். நான் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

நூற்றுக்கு நூறு கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். “சேச்சி, பேப்பர் தந்து டீச்சர் கேட்டா பிள்ளைங்க பின்னே என்ன எழுதும்? தப்புன்னுதான் எழுதும். வீட்டுல போயி மீனையும் திங்கும்.”

ஏன் இதை அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லையாம். உண்மைதான்.

மையம் மூடினால் அவள் என்ன செய்வாள் என்றும் கேட்டேன். நகரத்தில் துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள், ஹாஸ்டலும் உண்டு, போய்விடுவேன் என்றாள். பிள்ளைகள்? அம்மாமார் தேயிலைக் கொழுந்து பறித்து வரும்வரை லயத்து வாசலில் செல்போனைப் பார்த்துக்கொண்டு இருக்கும் என்றாள். அழுகிற குரலாக இல்லை. அதனால்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கடைசித் தாளை மழை தொடங்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டாள். சரி என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்று இருக்கிறது. அட்டை என்றால் எனக்கு ஆகாது.

மே 15

வெயில். ‘எதிர்கொண்ட சவால்கள்’ என்ற பகுதியில் ‘கனமழை’ என்று எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் அதைத்தான் எழுதுகிறேன். உண்மையான சவால் எதையும் அந்தப் பகுதியில் யாரும் எழுதுவதில்லை.

மே 22, வியாழன்

இந்த வருஷம் மழை முந்திக்கொள்ளும் என்று செய்தியில் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம்கூட இன்னும் திறக்கவில்லை. சுமி ஒரே வரி அனுப்பியிருக்கிறாள்: சனிக்கிழமை வாங்க.

மே 24, சனி. கல்லாறு, சுமியின் வீடு

நெடுமங்காடு தாண்டும்போதே பஸ்ஸின் ஷட்டரை எல்லாரும் இறக்கிவிட்டார்கள். விதுராவில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்ததில் குடையும் உதவவில்லை. வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் யாரும் மையத்துக்கு வரவில்லை, மழை அப்படி. தாள்கள் பைக்குள் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கின்றன, நான்தான் நனைந்து போனேன்.

திரும்பிப் போக வழியில்லை. சாலையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. சுமியின் அம்மா ஒரு நைட்டியும் பாலில்லாத கட்டன் சாயாவும் கொடுத்தார். அப்பா பிச்சைக்கனி வாசலில் உட்கார்ந்து மூங்கில் கூடு ஒன்றுக்கு நார் கட்டிக்கொண்டிருக்கிறார். மீன் பிடிக்கிற கூடு. அறக்கட்டளைப் பணத்தில் நடக்கிற மையத்தின் ஆசிரியை வீட்டில்! எதிரில் நான், பையில் கேள்வித்தாளோடு. அவர் என்னைப் பார்த்து ஒளிக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. “மழை நல்லா இருக்கு” என்றார், அவ்வளவுதான்.

மே 25, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது?

விடிந்ததும் சுமி எழுப்பினாள். மழை விட்டுத் தூறலாக இருந்தது. லயத்துக்குக் கீழே ஓர் ஓடை. கல்லாற்றில் போய்ச் சேருவது. ஓடைக்கு மேல்பக்கம் ஒரு பழைய ஏலா இருக்கிறது, நெல் நட்டுப் பல வருஷமான வயல். இப்போது புல். மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஓடைக்கும் ஏலாவுக்கும் நடுவில் எஸ்டேட் ரோடு. ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போக சிமெண்ட் குழாய் ஒன்று போட்டிருக்கிறார்கள். போட்டவர்கள் அதை உயரத்தில் போட்டுவிட்டார்கள். குழாயின் வாய் ஓடையிலிருந்து இடுப்பளவு மேலே நிற்கிறது. தண்ணீர் அங்கிருந்து கொட்டுகிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. அங்கே போய் நின்றபோதுதான் தெரிந்தது.

குழாய்க்குக் கீழே உள்ள குழியில் தண்ணீரே தெரியவில்லை. மீன். வெள்ளி நிறத்தில் பரல், அதற்கு அடியில் அயிரை, கரையோரத்துக் கல்லில் எல்லாம் கருப்பாக ஒட்டிக்கொண்டு கல்லேமுட்டி. ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து. மேல்நோக்கி. ஆற்றின் வெள்ளத்தை எதிர்த்து இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன, எல்லாவற்றின் வயிறும் முட்டையால் உப்பியிருக்கிறது. கொட்டுகிற தண்ணீரில் துள்ளுகின்றன. சிமெண்டில் முட்டி விழுகின்றன. மறுபடி துள்ளுகின்றன.

நான் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரோ என் குடையை வாங்கி மடக்கினார்கள், யார் என்றுகூடப் பார்க்கவில்லை.

லயத்து ஆட்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். கூடை, கொசுவலை, பழைய சேலை. வருஷா வருஷம் அங்கேதான் பிடிப்பார்களாம், குனிந்து அள்ளினால் போதும். ஆனால் இந்த வருஷம் குழாயடியில் புதிதாக ஒன்று இருந்தது. குழியிலிருந்து குழாயின் வாய் வரைக்கும் கல் அடுக்கி, இடுக்கில் சாக்கு திணித்து, சரிவாக ஒரு படி. கொட்டுகிற தண்ணீரில் ஒரு பகுதி அதன்மேல் மெதுவாக வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. மையத்துப் பிள்ளைகள் கட்டியது. கோடையில் குழாய் வறண்டு கிடந்தபோது, மீன் வந்தால் எப்படி ஏறும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் பதில் தெரியவில்லை, அதனால் கட்டியிருக்கிறார்கள்.

பிச்சைக்கனி அண்ணன் கூட்டோடு வந்தார். படியைப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது: மீன் ஏறுமானால் வரிசையாக அதில்தான் ஏறும், படியின் தலையில் கூட்டை வைத்தால் ஒன்றும் தப்பாது. நேராகப் போய் வைக்கக் குனிந்தார். பிள்ளைகள் அந்தப் படியைக் கட்டியது கடைசியில் மீனுக்கு வலையாக முடிகிறதே! சுமியைப் பார்த்தேன். அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றாள்.

ரோஸ் என்று ஒரு பெண், நாலாம் வகுப்பு முடித்தவள், தண்ணீருக்குள் இறங்கி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சண்டை போடவில்லை. “மாமா, ஒண்ணே ஒண்ணு ஏறட்டும். நாங்க கட்டினது சரியான்னு பாத்துட்டு பிறகு வையுங்க” என்றாள்.

அவர் கூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எல்லாரும் நின்றார்கள்.

முதலில் வந்தது கல்லேமுட்டி. விரல் நீளம்தான். வாயால் கல்லைக் கவ்வி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, இன்னும் கொஞ்சம் மேலே கவ்வி. தண்ணீர் அடித்தது, ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. பிறகு மறுபடி. பாதிப் படியில் சாக்கின் நூலில் சிக்கி விழுந்தது. யாரோ ‘அய்யோ’ என்றார்கள். அதுவோ வேறொன்றோ, திரும்ப வந்தது. இந்த முறை சாக்கைச் சுற்றிப் போனது. படியின் தலைக்கு வந்து, குழாயின் விளிம்பைக் கவ்வி, ஒரு நிமிஷம் அப்படியே தொங்கியது. பிறகு உள்ளே போய்விட்டது. இருட்டுக்குள்.

யாரும் கைதட்டவில்லை. அவ்வளவு கூட்டத்தில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அடுத்தது ஏறியது. அதற்கடுத்து. பிறகு பரல்கள் பக்கத்தில் வழிந்த தண்ணீரில் துள்ளித் துள்ளி, கல்லுக்குக் கல் தங்கி, ஒரு வரிசையாக. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிப்போன பிள்ளைகள் குழாயின் மறுவாயிலிருந்து கத்தினார்கள்: வருது, வருது! நானும் ஓடினேன். ஆமாம், நான், இந்த வயதில், நனைந்த நைட்டியோடு. குழாயிலிருந்து ஏலாவின் புல்லுக்குள் அவை பிரிந்து பிரிந்து போய்க்கொண்டிருந்தன. மீன் போகிற இடத்தில் புல் நுனி ஆடியது. வயல் முழுக்க, காற்றே இல்லாமல், புல் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. இப்படி ஒன்று ஒவ்வொரு வருஷமும், நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது, இங்கே நடந்துகொண்டிருந்ததா? நடக்கப் பார்த்து, குழாயில் முட்டி நின்றுகொண்டிருந்ததா?

திரும்பி வந்தபோது பிச்சைக்கனி அண்ணன் படிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். கூடு கரையில் கிடந்தது. என்னிடமா, யாரிடம் என்று தெரியவில்லை, சொன்னார்: “இந்தப் பைப்பு போட்ட அன்னைலேருந்து இதுக விழுறதைத்தான் பாத்துருக்கேன். ஏறுறதைப் பாத்ததில்ல.”

மே 25, தொடர்ச்சி

மேலே எழுதியதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதையாக இருக்கும். நிறுத்தக் கூடாது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து கூட்டை எடுத்தார். படியின் தலையில் வைக்கவில்லை. கீழே, குழியின் ஓரத்தில் வைத்தார். மற்றவர்களும் குழியில் அள்ளினார்கள். படியில் ஏறியதை யாரும் தொடவில்லை, ஏறாததை யாரும் விடவில்லை. ஒருவரும் பேசி முடிவெடுக்கவில்லை, அப்படியே நடந்தது. மத்தியானம் எல்லா வீட்டிலும் மீன் வறுத்த மணம். சுமியின் வீட்டிலும். என் தட்டிலும் வைத்தார்கள்.

தின்றேன். முட்டையோடு இருந்தது. நன்றாக இருந்தது. சட்டப்படி நானும் குற்றவாளிதான்.

பிறகு மையத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துத் தாளைக் கொடுத்தேன். இந்த முறை சுமி ஒன்று சொன்னாள்: மார்க் கிடையாது, பேர் எழுத வேண்டாம், தோன்றியதை எழுதுங்கள். பிள்ளைகள் வெகுநேரம் எழுதினார்கள். கையெல்லாம் எண்ணெய்.

மே 26, திங்கள்

அலுவலகத்தில் உட்கார்ந்து வாசித்தேன். பள்ளியில் மலையாளம் படிக்கிற பிள்ளைகள். பாதிப் பேர் மலையாள எழுத்தில் தமிழை எழுதியிருக்கிறார்கள்.

‘முட்டை உள்ளதைப் பிடிக்கக் கூடாது. இல்லாததைப் பிடிக்கலாம். தண்ணிக்குள் இருக்கும்போது எது என்று எப்படித் தெரியும்?’

‘சரி. எங்கள் வீட்டில் ஆறு பேர்.’

‘ஏறினதைப் பிடிக்கக் கூடாது. அது கஷ்டப்பட்டு ஏறினது.’

‘நான் தின்றேன். மேலே போனதையும் பார்த்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை.’

‘குழாயைக் கீழே இறக்கிப் போட்டால் இந்தக் கேள்வி வேண்டாம்.’

ஒருத்தர் மட்டும் கேள்வியையே திருப்பிக் கேட்டிருக்கிறார்: ‘இதை எழுதின ஆள் மீன் ஏறுவதைப் பார்த்திருக்கிறாரா?’ பேர் இல்லை. ரோஸ் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தாள்களை மேஜைமேல் பரப்பி வைத்து மறுபடியும் வாசித்தேன். பத்து வயதுப் பிள்ளைகள் இப்படி யோசிப்பார்கள் என்று எந்தப் பயிற்சிக் கூட்டத்திலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. போன வருஷம் ஒரே சொல்லை எழுதிவிட்டு எழுந்து போன அதே பிள்ளைகள்தான்.

பிறகு எண்ணினேன். எண்ணித்தானே ஆகவேண்டும். ‘தவறு’ என்று எழுதியவர்கள் பாதிக்கும் குறைவு.

நூறிலிருந்து பாதிக்கும் கீழே. பன்னிரண்டு வருஷத்தில் நான் பார்த்த மிக மோசமான எண்.

மே 28, புதன்

சார் கோபப்பட்டார். கோபத்தைவிடப் பயம். “நம்பர் கீழ போச்சுன்னா யாரு ஃபண்ட் தருவா? அந்த சுமியை நான் எப்படிக் கூப்பிட்டுச் சொல்றது? மையத்தைப் பூட்டச் சொல்லவா?”

அதுதான் என்னைக் குத்தியது. பொய்யை எழுதினால் சுமிக்கு வேலை இருக்கும், பிள்ளைகளுக்கு மாலையில் போக இடம் இருக்கும். உண்மையை எழுதினால் எனக்கு நல்ல உறக்கம் வரும். யாருடைய செலவில் எனக்கு உறக்கம்?

ஆனாலும் அந்தத் தாளை மாத்த எனக்குக் கை வரல. அந்தப் புள்ளைங்க எண்ணெய்க் கையோட எழுதினது. ‘பதில் தெரியவில்லை’ன்னு ஒரு புள்ள எழுதுது, அதை நான் ‘தவறு’ன்னு மாத்தணுமா? என்ன பொழப்பு இது.

ஜூன் 9, திங்கள்

சுமிக்கே போன் செய்து கேட்டேன். மறைத்துவைக்க என்னால் முடியவில்லை. இரண்டு வழியையும் சொன்னேன். உன் வேலை, நீ சொல் என்றேன்.

“சேச்சி, பிள்ளைங்ககிட்ட மார்க் கிடையாதுன்னு நான் சொல்லிட்டேன்” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். தாளில் கை வைக்கக் கூடாது என்று புரிந்துகொண்டேன்.

ஜூன் 11

நடந்ததைச் சரியாக எழுத வேண்டுமே என்று அவளுடைய பழைய குரல் பதிவுகளை எல்லாம் முதலிலிருந்து கேட்டேன். மார்ச் மாதத்துப் பதிவில் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்: பிள்ளைகள் குழாயடியில் மீனுக்குக் கல் அடுக்குகிறார்கள், சாயங்காலம் ஆனாலும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறார்கள்.

என் காலாண்டு அறிக்கையில் அது எப்படி வந்திருக்கிறது? ‘மாணவர்கள் ஓடைக்கரையைச் சுத்தம் செய்தனர்.’ திட்டத்தில் ‘கரை சுத்தம்’ என்று ஒரு வரிசை இருந்தது, நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது, கல் என்றதும் அதில் போட்டுவிட்டேன். வருஷத்திலேயே நடந்த பெரிய விஷயத்தைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளியிருக்கிறேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

ஜூன் 18

எழுதுகிறேன். கிழிக்கிறேன். வியப்பு என்ற சொல்லை அறிக்கையில் எந்தப் பகுதியில் போடுவது?

ஜூன் 27, வெள்ளி

அனுப்பிவிட்டேன்.

எண்ணை மாற்றவில்லை. முதல் தாளில் எல்லாரும் எழுதிய பதில் ஆசிரியைக்காக எழுதியது, இரண்டாவது அவர்களுடையது என்று ஒரு பத்தி. பிள்ளைகளின் பதில்களை அப்படியே, யாருடைய பேரும் இல்லாமல். மீன் பிடித்தவர்கள் யார் என்று எந்த இடத்திலும் இல்லை. அந்த மத்தியானச் சாப்பாட்டில் நானும் ஒருத்தி என்பது மட்டும் இருக்கிறது. சவால்கள் என்ற பகுதியில் கனமழையை எடுத்துவிட்டு, ‘நாங்கள் கேட்ட கேள்வி’ என்று எழுதினேன்.

சாரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது அவர் அறிக்கையை வாசிக்கவில்லை, பிள்ளைகளின் தாள்களைக் கேட்டார். ஒவ்வொன்றாக வாசித்தார். ‘எங்கள் வீட்டில் ஆறு பேர்’ என்ற தாளைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். சின்ன வயதில் அவர் வீட்டிலும் ஊத்த மீனுக்குக் காத்திருப்பார்களாம், இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் சொன்னதில்லை. பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 11, வெள்ளி

அறக்கட்டளையிலிருந்து ரெம்யா கூப்பிட்டாள். திட்ட அதிகாரி. கோட்டயத்துக்காரி, மலையாளத்தில் பேசுவாள், எப்போதும் அவசரத்தில் இருப்பாள். அந்த எண் தட்டச்சுப் பிழைதானே என்று முதலில் கேட்டாள். இல்லை என்றேன்.

எல்லா மையங்களிலிருந்தும் தனக்கு ஏறுகிற எண்கள்தான் வருகின்றன, இறங்குகிற எண்ணை முதல்முறை பார்க்கிறேன் என்றாள். இது எங்கே போய் முடியும் என்று அவளுக்கே தெரியவில்லையாம், மேலே ஒரு குழு இருக்கிறது, அவர்கள்தான் முடிவு செய்வார்கள். கடைசியில், கேட்கலாமா என்று தயங்கி, ஒன்று கேட்டாள். ஏறிய மீன்கள் முட்டையிட்டனவா? அதன் பிறகு என்ன ஆயிற்று?

எனக்குத் தெரியவில்லை. அறிக்கையை அனுப்பியதும் நான் மறந்துவிட்டேன்!

ஜூலை 13, ஞாயிறு

சுமி வீடியோ அனுப்பியிருக்கிறாள். ஏலாத் தண்ணீருக்குள் யாரோ ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கித் தூக்குகிறார்கள். குவளைக்குள் மீன்குஞ்சுகள். கண்ணும் முதுகெலும்பும் மட்டும் தெரிகின்றன, உடம்பு தண்ணீராகவே இருக்கிறது. பிள்ளைகளின் குரல் கேட்கிறது, மிகவும் மெதுவாக, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி. குவளையைச் சாய்த்ததும் எல்லாம் புல்லுக்குள் காணாமல் போகின்றன. பிறகு கேமரா உயர்கிறது: வயல் பூராவும் தண்ணீர்மேல் புள்ளி புள்ளியாக அசைவு.

எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. செல்வினுக்குக் காட்டினேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. இன்னொரு தரம் போடு என்றார்.

ரெம்யாவுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. கல்லாறு மையத்துக்கு இன்னும் இரண்டு வருஷம். கேள்வித்தாள் இனி வேண்டாமாம். குழாயைத் தாழ்த்திப் போட எஸ்டேட்டோடு பேசுவதற்கும் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இனிமேல் அறிக்கை, களத்தில் இருப்பவர்களே அவர்கள் மொழியில் எழுதி அனுப்ப வேண்டும். நடுவில் அறிக்கை எழுத என்று தனி ஆள் வேண்டாம். ஆகவே செப்டம்பரோடு என் வேலை முடிகிறது.

சார் இதைச் சொல்ல முடியாமல் மின்னஞ்சலை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் இரண்டு தடவை வாசித்தேன். வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். நானே எழுதி, நானே அனுப்பி, என் நாற்காலியை நானே வெளியே தூக்கி வைத்திருக்கிறேன்!

படியில் இறங்கி வரும்போது செல்வின் முகத்தைப் பார்த்துவிட்டு, கயிறு அளக்க ஆள் வேணும், சம்பளம் கம்மி, முதலாளி நல்லவரு என்றார். அங்கேயே நின்று சிரித்துவிட்டேன். சிரிப்பு அழுகையாகவும் போனது, கடைக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுமிக்கு நான்தான் போன் செய்தேன். மையம் இருக்கிறது என்ற பாதியை மட்டும் சொன்னேன். பின்னால் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 30, சனி. கல்லாறு

காலாண்டு அறிக்கை எழுத சுமிக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக வந்தேன். மீதி விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், மையம் வரும்வரை விடவில்லை.

அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். ஒன்றரைப் பக்கம், தமிழில். தொடக்கம் இப்படி: ‘ஜூலை மாதம் பிள்ளைகள் ஒன்றும் செய்யவில்லை. ஏலாவின் வரம்பில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். ஆகஸ்டில் தண்ணீர் குறைந்தபோது குஞ்சுகள் குழாய் வழியாக ஆற்றுக்கு இறங்கின. இறங்கும்போது அவற்றுக்குப் படி தேவைப்படவில்லை.’

என் கை பழக்கத்தில் பேனாவைத் தேடியது. ‘ஒன்றும் செய்யவில்லை’ என்பதை ‘தொடர் கவனிப்பில் ஈடுபட்டனர்’ என்று மாற்றுவதுதான் என் பன்னிரண்டு வருஷம். முழுவதையும் வாசித்தேன். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். வெளியே பிள்ளைகள் ஓடைப் பக்கம் ஏதோ கண்டுபிடித்துக் கூவினார்கள். போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

“சேச்சி, இது ரிப்போர்ட் ஆகுமா?” என்று சுமி கேட்டாள்.

ஆகும் என்றேன். கீழே அவள் பேரை எழுதச் சொன்னேன்.